ஓட்டுப் போட்டு உட்கார வைத்த தலைவரை நடுவில் இறக்கலாமா?

முன்னாள் வார்டு எழுதியது:

வணக்கம். நான் நீடாமங்கலம் பக்கம். வெண்ணாறு மூன்றாகப் பிரிகிற மூணாறு தலைப்பு எங்கள் வீட்டிலிருந்து சைக்கிள் மிதிக்கிற தூரம்தான். ஊர்ப் பெயர் வேண்டாம், சொன்னால் யார் தலைவர், யார் நான் என்று அரை மணி நேரத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். ஐந்து வருஷம் வார்டு உறுப்பினராக இருந்தேன். 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு எங்கள் காலம் முடிந்தது.

கேள்வி இதுதான். மக்களே ஓட்டுப் போட்டு உட்கார வைத்த ஒரு தலைவரை, காலம் முடிவதற்குள் இறக்கலாமா? இறக்கலாம் என்றால் எந்த அளவுக்குத் தப்பு செய்த பிறகு?

கேட்கக் காரணம் என் பையன். அமெரிக்காவில் இருக்கிறான். சனிக்கிழமை ராத்திரி வீடியோவில் வந்தால் அவனுக்கும் அவன் அப்பாவுக்கும் அமெரிக்க அதிபரை வைத்து இதுதான் சண்டை. இவர் சொல்வது, "நாலு வருஷத்துக்கு ஓட்டுப் போட்டாச்சுல்ல, பிடிக்கலைன்னா அடுத்த தடவை போடாதே, அவ்வளவுதான்." அவன் சொல்வது, "அப்படின்னா சட்டத்தில் இறக்குற பிரிவை எதுக்குப்பா வெச்சிருக்கான்?" நான் பக்கத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருப்பேன். என்னை யாரும் கேட்பதில்லை. ஆனால் எங்கள் மூவரில், தலைவரை இறக்கக் கேட்கிற ஒரு காகிதத்தை நேரில் கையில் வாங்கிப் பார்த்தவள் நான் ஒருத்திதான்.

அமெரிக்க விஷயம் முதலில் காதில் விழுந்தது 2019 டிசம்பரில். ஓட்டுக் கேட்டுத் தெருத்தெருவாகப் போய்க்கொண்டிருந்த நேரம். டீக்கடைப் பேப்பரில் டிரம்ப், பதவி நீக்கம் என்று பெரிய எழுத்து. சரி, ஆள் வீட்டுக்குப் போய்விட்டார் என்று நினைத்தேன். நாலு நாள் கழித்துப் பார்த்தால் அதே நாற்காலியில் அவர்தான். பையன்தான் விளக்கினான். அங்கே கீழ்ச்சபை செய்வது குற்றம் சாட்டுவது மட்டும், அதற்குப் பாதிக்கு மேல் ஓட்டு இருந்தால் போதும். இறக்குவது செனட் சபையின் வேலை, அதற்கு மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். நம் பேப்பர்காரர்கள் இரண்டுக்கும் ஒரே வார்த்தையைப் போடுகிறார்கள். எங்கள் டீக்கடையில் பாதிப் பேர், அவர் அப்போதே போய்விட்டு அப்புறம் திரும்பி வந்தார் என்றுதான் இன்றைக்கும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

2020 ஜனவரி 6 நாங்கள் பதவி ஏற்றோம். சரியாக ஒரு வருஷம் கழித்து அதே தேதியில் அங்கே நாடாளுமன்றத்துக்குள் கூட்டம் புகுந்தது. அடுத்த வாரம் அவர்மேல் இரண்டாவது தடவை குற்றம் சாட்டியபோது இங்கே பொங்கல் விடிகிற நேரம். அந்த வருஷம் தை பிறக்கிற சமயத்தில் பெய்த மழையில் சம்பாக் கதிர் சேற்றில் சாய்ந்து கிடந்தது. யாருக்கு அமெரிக்கா ஞாபகம்?

இனி என் கதை. 2022 ஆடி மாதம், விளக்கு வைக்கிற நேரம். துணைத் தலைவர் இன்னும் இரண்டு உறுப்பினர்களோடு வந்தார். கையில் டைப் அடித்த மனு. தலைவரை நீக்கக் கோரி கலெக்டருக்கு. எங்கள் ஊராட்சிக்கு ஒன்பது வார்டு, ஆறு கையெழுத்து வேண்டும், ஐந்து விழுந்துவிட்டது. ஆறாவது நான்.

படித்தேன். தெருவிளக்கு வாங்கியதில் விலை கூட்டிக் காட்டியது, நூறு நாள் வேலையில் வேண்டியவர்களுக்கு நிழலான வேலை, கூட்டம் ஒழுங்காகக் கூட்டாதது, குடிநீர் மோட்டார் ஒரே வருஷத்தில் மூன்று தடவை எரிந்ததாகப் பில் போட்டது, கடைசியாக உறுப்பினர்களை மதிப்பதில்லை. கடைசிக் குற்றச்சாட்டைப் படித்தபோது சிரிப்பு வந்துவிட்டது. மோட்டார் விஷயம் எனக்கு நேராகத் தெரியும். மூன்று தடவையும் நிஜமாகவே எரிந்தது. லோ வோல்டேஜ். மோட்டார் கொட்டகை என் வீட்டுக்குப் பின்னால்தான் இருக்கிறது, வைண்டிங் கருகுகிற நாற்றம் அடுப்படி வரைக்கும் வரும். கருகிய கம்பிச் சுருளைச் சாக்கில் கட்டி மன்னார்குடிக்கு பைக்கில் கொண்டுபோனதை மூன்று தடவையும் பார்த்தவள் நான். விளக்கு விஷயத்தில் உண்மை இருக்கலாம் என்றுதான் தோன்றியது.

இன்னொன்று. ஊராட்சிக் காசோலையில் தலைவர், துணைத் தலைவர் இரண்டு பேர் கையெழுத்தும் வேண்டும். மனு கொண்டுவருவதற்கு நாலு மாதம் முன்னாலேயே துணைத் தலைவர் கையெழுத்துப் போடுவதை நிறுத்திவிட்டார். ஏன் என்று ஊருக்கே தெரியும், கமிஷன் தகராறு.

நான் கையெழுத்துப் போடவில்லை. "ஜனங்க போட்ட ஓட்டு, ஆறு பேர் சேர்ந்து எடுக்கக் கூடாது" என்றேன். என் வீட்டுக்காரர் இன்றைக்குப் பையனிடம் சொல்கிற அதே வாதம். அதற்கப்புறம் ஐந்து பேரும் என்னோடு பேச்சை விட்டார்கள். ஒரு கல்யாணத்தில் எனக்குப் பக்கத்தில் இருந்தவருக்குச் சந்தனம் நீட்டியவர் என்னைத் தாண்டிப் போனார்.

நான் செய்தது சரியா? சட்டம் தெரிந்தவர்கள், வெளிநாட்டில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

கடைமடை எழுதியது:

அக்கா, தலைவரை இறக்கினாலும் ஏற்றினாலும் எங்கள் பக்கம் தண்ணீர் வரப்போவதில்லை. ஜூன் 12 மேட்டூரில் பூப்போட்டுத் திறக்கிறார்கள், எங்கள் வாய்க்காலில் தூர்வாரியதாகப் போர்டு மட்டும் புதிதாக நிற்கிறது. அந்தப் போர்டை இறக்க எந்தப் பிரிவில் மனுக் கொடுப்பது என்று யாராவது சொன்னால் புண்ணியம்.

பழைய பைல் எழுதியது:

அம்மா, நான் வளர்ச்சித் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். இந்த மாதிரி மனுக்களை மேசையில் நிறையப் பார்த்திருக்கிறேன். உங்களிடம் காட்டியது 1994-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், பிரிவு 205-இன்படியான மனு.

முதலில் ஒரு திருத்தம். ஆறு பேர் சேர்ந்து ஓட்டை எடுக்கவில்லை. உறுப்பினர்களால் தலைவரை இறக்கவே முடியாது. மூன்றில் இரண்டு பங்கு பேர் கையெழுத்திட்டு, அதில் இரண்டு பேர் கலெக்டரிடம் நேரில் கொடுக்க வேண்டும். அவர் தலைவரிடம் விளக்கம் கேட்பார். விளக்கம் சரியில்லை என்றால் தாசில்தார் ஊராட்சி அலுவலகத்துக்கு வந்து கூட்டம் போடுவார். நோட்டீசையும் விளக்கத்தையும் முன்னால் வைப்பார். நல்லது கெட்டது பற்றி அவர் வாய் திறக்கக் கூடாது, அவருக்கு ஓட்டும் கிடையாது. உறுப்பினர்கள் கருத்தை எழுதிக்கொண்டு போவார். முடிவு கலெக்டருடையது. யாரும் மனுக் கொடுக்காவிட்டாலும் அவராகவே தொடங்கவும் சட்டத்தில் இடம் உண்டு. உங்கள் ஆறாவது கையெழுத்து கதவைத் தட்டுகிற கை, அவ்வளவுதான். தூக்கு மேடைக் கயிறு என்று நினைத்துப் பயந்துவிட்டீர்கள்.

இரண்டாவது. மனு வந்தால் நான் முதலில் பார்ப்பது தேதி. கமிஷன் தகராறு எப்போது ஆரம்பித்தது, மனு எப்போது வந்தது. உங்கள் ஊரில் நாலு மாத இடைவெளி, கணக்கு நேராகப் பொருந்துகிறது. ஆனாலும் ஒன்று சொல்கிறேன். துணைத் தலைவர் கெட்ட எண்ணத்தில் கொடுத்தார் என்பதற்காகத் தெருவிளக்குக் கணக்கு நல்ல கணக்காகிவிடாது. மனுக் கொடுத்தவன் யோக்கியதையைப் பார்த்து மனுவைத் தள்ளுவதாக இருந்தால், எங்கள் ஆபீசில் ஒரு பைலும் நகர்ந்திருக்காது.

பெரிய இடத்தில் நடந்ததும் இதேதான். 1993-இல் உச்ச நீதிமன்ற நீதிபதி வி. ராமசாமி மேல் மக்களவையில் தீர்மானம் வந்தது. ஆதரித்து 196 பேர். எதிர்த்து ஒருவர்கூட இல்லை. 205 பேர் ஓட்டே போடாமல் உட்கார்ந்திருந்தார்கள், தீர்மானம் தோற்றது. குற்றம் இல்லை என்று எழுந்து நின்று சொல்ல ஒரு ஆள் இல்லை, ஆனால் நாற்காலி அசையவில்லை. ஓட்டுப் போடாமல் இருப்பதும் ஒரு ஓட்டுத்தான் அம்மா.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். மாதக் கூட்டத்தில் தீர்மானப் புத்தகத்தில் எழுதியிருந்ததைப் படித்த பிறகா கையெழுத்துப் போட்டீர்கள்?

எடிசன் கும்பகோணத்தான் எழுதியது:

நியூ ஜெர்சியிலிருந்து. இருபது வருஷமாக இங்கே ஐ.டி. கூலி.

அம்மா, உங்கள் பையன் சொன்னது சரி. இதுவரை மூன்று அதிபர்கள்மேல் நாலு தடவை கீழ்ச்சபை குற்றம் சாட்டியிருக்கிறது. 1868-இல் ஆண்ட்ரூ ஜான்சன், 1998-இல் கிளிண்டன், அப்புறம் டிரம்ப் இரண்டு தடவை. செனட் ஒருவரையும் இறக்கியதில்லை. ஜான்சன் ஒரே ஒரு ஓட்டில் தப்பித்தார். 36 வேண்டிய இடத்தில் 35. அந்த ஓட்டை மறுத்தவர்கள் உங்களை மாதிரிதான் யோசித்திருப்பார்கள் போல. ஜான்சன் நல்லவர் என்று யாரும் வாதாட மாட்டார்கள். ஆனால் சாட்டிய குற்றம் என்னவோ போர் மந்திரியைச் செனட்டைக் கேட்காமல் நீக்கினார் என்பது. அவரை மாட்டவைக்கவே போட்டதுபோல ஒரு சட்டம், அதை மீறினார் என்று வழக்கு. உங்கள் ஊர் "மதிப்பதில்லை" மாதிரி.

கிளிண்டன் கதை உலகத்துக்கே தெரியும். சத்தியம் செய்துவிட்டுப் பொய் சொன்னார், அது தப்புத்தான். ஆனால் அந்தப் பொய்யால் அரசாங்கத்தின் ஒரு கணக்கும் மாறவில்லை. ஜனங்களும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார்கள், விசாரணை சூடாக இருந்த 1998 நவம்பர் தேர்தலில் அவர் கட்சிக்குக் கீழ்ச்சபையில் இடம் கூடியது.

உங்கள் வீட்டுக்காரருக்கு நான் சொல்கிற பதில், அதிபர் நிக்சன் கதை. 1972-இல் ஐம்பது மாநிலங்களில் நாற்பத்தொன்பது அவருக்கு. இதைவிட ஜனங்கள் ஓட்டுப் போட முடியாது. ஆனால் அந்த ஓட்டு விழும்போது ஜனங்களுக்குத் தெரியாத ஒன்று இருந்தது. எதிர்க்கட்சி அலுவலகத்தில் நுழைந்தவர்களை மூடி மறைக்கிற வேலை அவர் அறையிலிருந்தே நடந்துகொண்டிருந்தது. பேச்சு முழுக்க டேப்பில் பதிவானது. ஒரு டேப்பில் பதினெட்டரை நிமிஷம் அழிந்துபோயிருந்தது. வெறும் இரைச்சல். நான் அந்த இரைச்சலைக் கேட்டிருக்கிறேன், இணையத்தில் கிடைக்கிறது. மழை பெய்கிற ரேடியோ மாதிரி. உச்ச நீதிமன்றம் மீதி டேப்பைக் கொடுக்கச் சொன்னது, 1974 ஆகஸ்ட் 9 அவரே கிளம்பிவிட்டார், கீழ்ச்சபை ஓட்டுவரைகூடப் போகவில்லை.

அதனால் அடுத்த தேர்தலில் பார்த்துக்கொள்ளலாம் என்கிற வாதத்தை நான் இப்படித்தான் வைத்துக்கொள்வேன். அடுத்த தேர்தலில் ஜனங்கள் பார்க்க ஏதாவது மிச்சம் இருக்க வேண்டும். டேப்பை அழிக்கிறவனை அதுவரை விட்டுவைக்கக் கூடாது. 2021-இல் 57 பேர் டிரம்ப் குற்றவாளி என்றார்கள், 43 பேர் இல்லை என்றார்கள், 67 வேண்டும். இல்லை என்றவர்களில் பலர் சொன்ன காரணம், அவர்தான் பதவியை விட்டுப் போய்விட்டாரே என்பது. தேர்தல் முடிவையே மாற்றப் பார்த்தார் என்று ஒருவர்மேல் குற்றம், காலம் முடிந்தது என்று தப்பிப்பு. இங்கே என் ஆபீசில் பாதிப் பேர் இதற்கு என்னோடு சண்டைக்கு வருவார்கள், வரட்டும்.

திருவாரூர் வாய்தா எழுதியது:

சட்டம் இரண்டாம் வருஷம். நம் குடியரசுத் தலைவருக்கு அரசியலமைப்பில் 61-ஆவது பிரிவு. ஒரே காரணம்தான், அரசியலமைப்பை மீறுவது. ஒரு சபையின் நாலில் ஒரு பங்கு பேர் கையெழுத்திட்டுப் பதினாலு நாள் நோட்டீஸ், மொத்த உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு, இன்னொரு சபை விசாரித்து மறுபடி மூன்றில் இரண்டு. இதுவரை யார்மேலும் பயன்படுத்தவில்லை. ஒரு வேடிக்கை, அவரைத் தேர்ந்தெடுக்க எம்.எல்.ஏ.க்கள் ஓட்டுப் போடுகிறார்கள், இறக்கும்போது அவர்களுக்கு வேலையில்லை.

"எந்த அளவு தப்பு" என்று அக்கா கேட்டதற்குத் தென்கொரியாவைப் பார்க்கலாம். 2004-இல் அந்நாட்டு அதிபர் ரோ மூ ஹியூன் தனக்கு வேண்டிய கட்சிக்கு ஆதரவாகப் பேசினார் என்று நாடாளுமன்றம் அவர்மேல் தீர்மானம் போட்டது. மீறியது உண்மை, ஆனால் பதவியைப் பறிக்கிற அளவுக்குப் பெரிது இல்லை என்று அரசியலமைப்பு நீதிமன்றம் திருப்பி உட்கார வைத்தது. 2024 டிசம்பர் 3 ராத்திரி அதிபர் யூன் சுக் யோல் ராணுவச் சட்டம் என்று அறிவித்து, நாடாளுமன்றத்துக்குள்ளேயே சிப்பாய்களை அனுப்பினார். 2025 ஏப்ரல் 4, எட்டு நீதிபதிகளும் ஒரே குரலில் இறக்கினார்கள். அதே நாடு, அதே நீதிமன்றம்.

வேதாரண்யம் உப்பு எழுதியது:

எங்களுக்கு அமெரிக்காவும் கொரியாவும் தூரம். கோடியக்கரையில் நின்றால் இலங்கை வானொலி தெளிவாகக் கேட்கும், அதனால் அந்தக் கதையைச் சொல்கிறேன்.

அங்கே அதிபரை இறக்க மூன்றில் இரண்டு பங்கு எம்.பி.க்கள் தீர்மானம் போட்டு, உச்ச நீதிமன்றம் விசாரித்து, குற்றம் என்றால் மறுபடி மூன்றில் இரண்டு பங்கு. 1991-இல் பிரேமதாசாவை இறக்க அவர் கட்சிக்காரர்களே சபாநாயகரிடம் மனுக் கொடுத்தார்கள். முதலில் ஏற்றுக்கொண்ட சபாநாயகர், பிறகு செல்லாது என்றுவிட்டார். கையெழுத்துப் போட்டவர்களில் சிலர் அது தங்கள் கையெழுத்தே இல்லை என்று சொன்னார்களாம், அது எங்கள் பக்கம் ரொம்ப நாள் பேச்சாக இருந்தது. 2022-இல் டீசல் இல்லை, மருந்து இல்லை, பால் பவுடர் இல்லை. ஜூலை 9 ஜனங்கள் அதிபர் மாளிகைச் சுவர் ஏறி உள்ளே போய் நீச்சல் குளத்தில் குளித்தார்கள். கோத்தபய மாலத்தீவு வழியாகச் சிங்கப்பூர் போய் அங்கிருந்து ராஜினாமா. ஒரு பிரிவும் பயன்படவில்லை.

பாதை அவ்வளவு நீளமாக இருந்தால் ஜனங்கள் குறுக்கே வரப்பு ஏறித்தான் போவார்கள். அதனால் ஊராட்சிச் சட்டத்தின் 205-ஆவது பிரிவு எளிதாக இருப்பது நல்லதா கெட்டதா என்றால், இருப்பது நல்லது என்பேன். அக்கா போட்டிருக்கலாம்.

முன்னாள் வார்டு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பழைய பைல் ஐயா கேட்ட கேள்வியைப் படித்துவிட்டு இரண்டு நாள் எதுவும் எழுதவில்லை. ஐயாவுக்கு எப்படித் தெரிந்தது என்று யோசித்தேன். எல்லா ஊரிலும் இதுதான் போல.

படிக்கவில்லை. படிக்க ஒன்றும் இருந்தால்தானே? கூட்டம் என்றால் டீ, வடை, கொஞ்ச நேரம் ஊர்ப் பேச்சு. கிளார்க் புத்தகத்தை நீட்டுவார். பக்கத்தின் கீழ்ப்பாதியில் எங்கள் ஒன்பது பேர் பெயரும் வரிசையாக எழுதியிருக்கும், மேல்பாதி வெற்று. "அப்புறம் எழுதிக்கறேம்மா" என்பார். போட்டுவிட்டு வந்துவிடுவேன். மூன்று வருஷம் இப்படித்தான்.

2023 கார்த்திகையில் மகள் பிரசவத்துக்குத் தஞ்சாவூரில் பத்து நாள் இருந்தேன். தை மாதம் களத்துமேட்டுப் பாதைக்குத் தீர்மான நகல் வேண்டும் என்று ஆபீசுக்குப் போனேன். கிளார்க் இல்லை, அங்கே இருந்த பெண் விவரம் தெரியாமல் புத்தகத்தையே என் கையில் கொடுத்துவிட்டாள். புரட்டினேன். வாய்க்கால் கரையில் இருந்த மூன்று இலுப்பை மரங்கள் பட்டுப்போய்விட்டன, வெட்டி அகற்றலாம் என்று ஒரு தீர்மானம். போட்ட தேதி, நான் தஞ்சாவூரில் பிளாஸ்கில் வெந்நீர் வாங்க வரிசையில் நின்ற நாள். கீழே என் கையெழுத்து. போலி இல்லை. கடைசி எழுத்தை நான் கொஞ்சம் கீழே இழுத்துப் போடுவேன், அந்த இழுப்பு அப்படியே இருந்தது. மரத்தைப் போய்ப் பார்த்தேன், அடிக்கட்டைதான் இருந்தது. வெட்டுவாயில் ஈரம் கசிந்து காய்ந்திருந்தது. பட்டுப்போன மரத்தில் அப்படி இருக்காது.

எடிசன் தம்பி அந்த டேப் விஷயம் எழுதியதைப் படித்தபோது எனக்கு அந்த மேல்பாதிதான் ஞாபகம் வந்தது. தெருவிளக்கில் காசு அடித்தால் தெரு இருட்டாக இருக்கும், ஓட்டுப் போடப் போகிறவனுக்குக் கண்ணில் படும். இது படாது. புத்தகத்தில் ஒன்பது பேரும் ஒப்புக்கொண்டதாக இருக்கும். யாரைக் கேட்டு அடுத்த தடவை ஓட்டை மாற்றுவான்?

அந்த வாரத்துத் திங்கட்கிழமை நானே கலெக்டர் ஆபீசுக்குப் போய் மனுக் கொடுத்தேன். முதல் வரி, "நான் வெற்றுப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன்." மனுவை வாங்கிப் பதிந்தவர் படித்துவிட்டு, "நீங்களே மாட்டிக்கிறீங்களேம்மா" என்றார். கொடுத்துவிட்டு வந்தேன். அப்புறம் 2022-இல் கையெழுத்துப் போட்ட அதே ஐந்து பேர் வீட்டுக்கும் நானே ஏறி இறங்கினேன். இரண்டு பேர் கையெழுத்துப் போட்டார்கள். துணைத் தலைவர் போடவில்லை. அவர் போட்ட வெற்றுப் பக்கம் என்னுடையதைவிட அதிகம், காசோலைக் கையெழுத்துத் தகராறும் அதற்குள் தீர்ந்துபோயிருந்தது.

இரண்டு தடவை விசாரணைக்கு வந்தார்கள், புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனார்கள். அதற்குள் எங்கள் ஐந்து வருஷம் முடிந்தது. அந்த 43 பேரில் பலர் சொன்ன மாதிரிதான், பதவியே இல்லையே, யாரை இறக்குவது?

2022-இல் கையெழுத்துப் போடாததற்கு எனக்கு வருத்தம் இல்லை ஐயா. விளக்கு வாங்கிய பில்லைக் காட்டுங்கள் என்று அன்றைக்கே ஒரு வார்த்தை கேட்காமல் கதவைச் சாத்தினேன், அதற்குத்தான்.

பையனுக்கு இதெல்லாம் தெரியாது. அவன் அப்பாவுக்கு மனுக் கொடுத்தது தெரியும், முதல் வரி தெரியாது. இந்தச் சனிக்கிழமை சண்டை ஆரம்பித்தால் கீரையை ஓரமாக வைத்துவிட்டு நானும் பேசலாம் என்று இருக்கிறேன்.